வண்டி வராத பக்கம்

அந்தத் தெருவுக்குள் வண்டிகள் மார்க்கெட் முனையில் நுழையலாம், சிக்னல் முனையில் வெளியேறலாம். சிக்னல் முனையிலிருந்து உள்ளே நுழையக் கூடாது. இதைச் சொல்ல அங்கே ஒரு சிவப்பு வட்டப் பலகை நின்றது. பலகை சொன்னால் கேட்காதவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு போக்குவரத்து ஏட்டு நின்றார். வருஷக்கணக்கில் வெயிலில் நின்று பலகை வெளுத்துப்போயிருந்தது, ஏட்டு கறுத்துப்போயிருந்தார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரை அந்தப் பக்கத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'திருப்பு ஏட்டு'. தவறான முனையில் எந்த வண்டி தலையை நீட்டினாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் "திருப்பு" என்பதுதான். நடுவில் ஒரு பேச்சு இருக்கும். அது ஆளுக்குத் தகுந்த மாதிரி மாறும்.

"ஏம்மா, போர்டு இருக்குல்ல?"

"அவசரம் சார். பொண்ணு ஸ்கூல்ல காத்துக்கிட்டு நிக்குது."

"பொண்ணு காத்துக்கிட்டு நிக்குதுன்னா நேரத்துல கிளம்பணும். சுத்திப் போங்க. திருப்பு."

அன்றைக்கு எரிவாயு சிலிண்டர் போடுகிற ஆள் ஒருவன் வந்து மாட்டினான். அவனைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே காவல் நிலையத்துக் கான்ஸ்டபிள் ஒருவர் பைக்கில் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு அவர்கள் இருவரையும் உரசினாற்போல் உள்ளே போனார். எந்நேரமும் ஊதலை வாயிலேயே வைத்திருப்பதால் அவருக்கு 'விசில்' என்று பெயர்.

சிலிண்டர்க்காரன் போகிற பைக்கைப் பார்த்தான், ஏட்டைப் பார்த்தான். "அவர் மட்டும் போறாரே சார்?"

"அவர் டியூட்டில போறார்."

"நான் மட்டும் என்ன சார், சினிமாவுக்கா போறேன்?"

"வாய் நீளுது பாரு. திருப்பு."

அவன் முனகிக்கொண்டே திருப்பினான். சிலிண்டர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு அவனுக்காகக் கொஞ்ச நேரம் திட்டின.

விஷயம் இதுதான். காவல் நிலையம் மார்க்கெட் முனையில் இருந்தது. சிக்னலிலிருந்து அங்கே ஒழுங்காகப் போக வேண்டுமானால் பேருந்து நிலையத்தைச் சுற்றி, இரண்டு சிக்னலில் நின்று, லாரிகளின் வாலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இந்தத் தெருவுக்குள் எதிர்த்திசையில் புகுந்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். ஆகவே நிலையத்துக்காரர்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். பகலாக இருந்தாலும் முன்விளக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும், சுவரோரமாகப் போக வேண்டும், வேகம் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் அது தப்பில்லை. யார் தொடங்கிவைத்தது என்று யாருக்கும் தெரியாது. நிலையத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் குடிதண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே என்று காட்டிவிட்டு, கையோடு இதையும் சொல்லிவிடுவார்கள். தெருக்காரர்களுக்கும் பழகிப்போய்விட்டது. ஓரமாக ஒரு விளக்கு தெரிந்தால் "லைட்டு வருது" என்று சொல்லிப் படியேறி நின்றுகொள்வார்கள்.

மற்றவர்கள் எப்படியோ, ஏட்டு இந்த ஏற்பாட்டை வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். விளக்கைப் போடாமல் நுழைந்த இளங்கான்ஸ்டபிள்களை நிறுத்தி வைத்துத் திட்டியிருக்கிறார். "நமக்குன்னு ஒரு ஒழுங்கு வேணாமாய்யா?" என்பார். அந்தத் தெருவுக்குள் எதிரே நுழைவதே ஒழுங்கில்லை என்று அவருக்குத் தோன்றியதே கிடையாது.

தெருவின் நடுவில் பிளேட்டுக்காரரின் கடை இருந்தது. வண்டிகளுக்கு எண்பலகை செய்வதும் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுவதும் அவர் தொழில். வளைத்து நெளித்து எண் எழுதிக்கொண்டு வருகிறவர்களை ஏட்டு சிக்னலில் பிடித்து, "போய் ஒழுங்கா மாத்திட்டு வா" என்று அனுப்பினால் அவர்கள் நேரே இந்தக் கடைக்குத்தான் வருவார்கள். அந்த வகையில் தொடங்கிய பழக்கம். நாளடைவில் தொழிலைத் தாண்டி வந்துவிட்டது. பணி முடிந்ததும் ஏட்டு தொப்பியைக் கழற்றி அந்தக் கடை மேசைமேல் வைத்தால்தான் அவருக்கு அன்றைய பொழுது முடிந்தது என்று அர்த்தம்.

பிளேட்டுக்காரர் ஏட்டைவிட மூத்தவர். மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு கட்டில் என்று தனிக்கட்டையாக இருந்தார். ஒரே மகள் தொலைவில் இன்னொரு ஊரில், ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். வாராவாரம் தொலைபேசியில் வந்துவிடுங்கள், வந்துவிடுங்கள் என்று கூப்பிடுவாள்.

"போய்த்தான் பாருங்களேன் அண்ணே. பேத்தியோட இருக்கலாம்ல?" என்று ஏட்டு கேட்பதுண்டு.

"ஏட்டய்யா, நான் என்ன பார்சலா, கட்டி அனுப்பிவைக்க? எனக்குக் கண்ணு இருக்கு, கை இருக்கு, கடை இருக்கு. இது மூணும் இருக்கிறவரைக்கும் நான் யார் வீட்டுக்கும் விருந்தாளி இல்ல."

கண் இருந்தது உண்மை. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே ஒரு நூல் பிசகியிருந்தாலும் எட்ட நின்றே சொல்லிவிடுவார். ஏட்டின் பைக் பின்புறம் 'காவல்' என்று ஒட்டியிருந்ததும் அவர் வெட்டியதுதான். ஒட்டிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்த்து, "இனிமே உங்களை யாரும் நிறுத்த மாட்டாங்க, போங்க" என்று சிரித்தார். ஏட்டும் சிரித்தார்.

அது நடந்தது ஒரு மத்தியானம். ஏட்டின் வாக்கிடாக்கியில் பேட்டரி தீர்ந்துபோய் இரண்டு தடவை கத்திவிட்டு ஊமையாகிவிட்டது. மாற்றிக்கொண்டு வரலாம் என்று விசிலை முனையில் நிறுத்திவிட்டுப் பைக்கை எடுத்தார். வழக்கம்போல் தெருவுக்குள் புகுந்தார். வழக்கம்போல் சுவரோரம் போனார். வேகமும் அதிகமில்லை. ஊமையாய்ப் போன வாக்கிடாக்கியையே நினைத்துக்கொண்டு போனவர், விளக்கைப் போட மட்டும் மறந்துவிட்டார்.

பிளேட்டுக்காரர் தேநீர்க் கண்ணாடி டம்ளரைத் திருப்பிக் கொடுப்பதற்காக எதிர்க்கடைக்குப் போகப் படியிறங்கினார். வண்டி வருகிற பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. காலை வைத்தார். வண்டி வராத பக்கத்திலிருந்து ஏட்டு வந்து இடித்தார்.

பெரிய இடி என்று சொல்ல முடியாது. ஏட்டு பிரேக் போட்டு, கால் ஊன்றி, கீழே விழாமல் நின்றுவிட்டார். பிளேட்டுக்காரர் வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு அவருடைய பாரத்தைத் தாங்கவில்லை. நெற்றி படியில் பட்டு ரத்தம் வந்தது. டம்ளர் மட்டும் உருண்டு போய் எதிர்க்கடை வாசலில் உடையாமல் நின்றது.

கூட்டம் கூட எவ்வளவு நேரம் ஆகும்? அதிலும் காக்கிச் சட்டை ஓர் ஆளை இடித்துவிட்டது என்றால் கேட்க வேண்டுமா. "இவரே இப்படி வரலாமா?" என்று ஒரு குரல் கிளம்பியது. "எங்களை மட்டும் திருப்புவாரு" என்றது இன்னொன்று. பின்வரிசையில் ஒருவன் கைபேசியைத் தூக்கிப் பிடித்தான். அந்தக் குரல்களுக்கு நடுவே, தரையில் உட்கார்ந்தபடி, ஒடிந்த கையை இன்னொரு கையால் ஏந்திக்கொண்டு பிளேட்டுக்காரர் பேசினார்.

"யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. என் தப்புதான். நான்தான் பார்க்காம இறங்கிட்டேன்."

ஏட்டு வாயைத் திறந்தார். அதற்குள் விசில் ஓடிவந்து, "அவரே சொல்லிட்டாருல்ல, இன்னும் என்ன வேடிக்கை? கலைங்க, கலைங்க" என்று ஊதலை ஊதினார். கூட்டம் கலைந்தது. ஏட்டு திறந்த வாயை மூடிக்கொண்டார்.

மருத்துவமனைக்கு அவர்தான் கூட்டிப்போனார். மாவுக்கட்டுப் போடும்வரை பக்கத்திலேயே நின்றார். ரத்தம் பட்ட சட்டையைத் தன் கையாலேயே அலசிப் பிழிந்து உலர்த்தினார். மருந்து வாங்கினார், ஓடினார், வந்தார். செய்யவேண்டியது எதையும் விட்டுவைக்கவில்லை. சொல்லவேண்டிய ஒன்றைத்தான் சொல்லவில்லை.

மறுநாள் காலை மகள் வந்து சேர்ந்தாள். பேருந்தில் தூங்காத கண்களும் தோளில் தொங்கும் பையுமாக வார்டுக்குள் நுழைந்தவள் அப்பாவின் நெற்றித் தையலைப் பார்த்ததும் அழுதாள். அழுது முடித்ததும் கோபப்பட்டாள்.

"எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? வயசான காலத்துல தனியா இருக்காதீங்கன்னு. ரோட்டைத் தாண்டக்கூடத் தெரியலன்னா என்னப்பா அர்த்தம்? கண்ணு தெரியுதா, இல்ல காது கேட்கலையா?"

"கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது" என்றார் பிளேட்டுக்காரர்.

"தெரிஞ்சா எப்படி வண்டிக்குக் குறுக்கப் போய் விழுவீங்க?" அவள் ஏட்டின் பக்கம் திரும்பினாள். சின்ன வயதிலிருந்து அவரைத் தெரியும். "மாமா, நீங்களே சொல்லுங்க. இவர்கிட்ட கேட்டா மழுப்புவார். அப்பா பார்க்காமதானே வந்தார்?"

பிளேட்டுக்காரர் தலையணையில் சாய்ந்தபடி ஏட்டைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை, மிரட்டுகிற பார்வையும் இல்லை. அடுத்து இவர்தான் பேசப்போகிறார் என்று தெரிந்து ஒருவரைப் பார்ப்போமே, அந்த மாதிரி.

ஏட்டு தொண்டையைச் செருமினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் விசில் நின்றார். அவர் பெயர் இருந்த பதவி உயர்வுப் பட்டியல் மேலிடத்தில் இருந்தது.

"கொஞ்சம் கவனம் பத்தலம்மா" என்றார். "வயசாகுதுல்ல."

பிளேட்டுக்காரர் பார்வையை எடுத்து மாவுக்கட்டின்மேல் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

மகள் அன்றைக்கே கண் மருத்துவரிடமும் காட்டினாள். அந்த வயதில் யாருக்கும் இருக்கிற மாதிரி இலேசாகப் புரை தொடங்கியிருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். அது போதுமாயிருந்தது. கடையை விட்டுவிடுவது, அப்பாவைக் கையோடு கூட்டிப்போவது என்று அவள் தீர்மானித்துவிட்டாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. ராத்திரி தொலைபேசி மணி அடித்தாலே நெஞ்சு பதறுகிற வாழ்க்கையை எத்தனை வருஷம்தான் ஒருத்தி வாழ்வாள்.

இந்தச் செய்தி ஏட்டின் காதுக்கு வந்தது. வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. நிலையத்தில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "லைட்டைப் போட்டிருக்கலாம்ல ஏட்டய்யா." அவரும் அதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டார். அந்த ஒரு சுவிட்சைக் கட்டைவிரலால் தள்ளியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பைக்கில் ஏறும்போதெல்லாம் முதல் வேலையாக விளக்கைப் போட்டார். வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் அணைக்க மறந்து, மனைவி கத்திய பிறகு போய் அணைத்தார்.

அவருடைய மனைவி அதிகம் பேசுகிறவள் இல்லை. பேசினால் ஊசி போட்ட மாதிரி இருக்கும். ஒரு சாயங்காலம் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அவர் தானாகவே தொடங்கினார்.

"எல்லாம் என்னாலதான். லைட்டு போட மறந்துட்டேன்."

"போட்டிருந்தா?"

"போட்டிருந்தா அவர் பார்த்திருப்பார்ல. ஓரமா நின்னிருப்பார்."

அவள் ஒரு சட்டையின் கைகளை மடக்கி உள்ளே வைத்தாள். "அவர் பார்த்துட்டுத்தானே இறங்கினார்?"

"வண்டி வர்ற பக்கம் பார்த்தார்."

"வேற எந்தப் பக்கம் பார்ப்பாங்க?"

ஏட்டு ஒரு துண்டை இழுத்து மடிக்கத் தொடங்கினார்.

"ரோட்டுல வர்ற வண்டியைப் பார்க்கிறது அவர் வேலை. வரக்கூடாத வண்டியையும் பார்த்துக்கிட்டு இருக்கிறது அவர் வேலையா? அதைப் பார்க்கத்தானே உங்களை அந்த முனையில நிறுத்திவச்சிருக்காங்க?" அவள் மடித்த சட்டையை அவர் மடியில் வைத்தாள். அது அவருடைய காக்கிச் சட்டை. "ஊரையே திருப்புறீங்க. நீங்க நுழையும்போது யார் இருந்தா, திருப்புன்னு சொல்ல?"

அந்தச் சட்டையை அலமாரியில் வைக்கக்கூட எழுந்திருக்காமல் அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளும் வருத்தப்பட்டது விளக்குக்காக. வருத்தப்பட வேண்டியது விளக்குக்காக இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு போன ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் படியேறி ஒதுங்கி அவரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர் அதை ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டரின் அறைக்குப் போய் விறைப்பாக நின்று விஷயத்தைச் சொன்னார். தப்பு தன்னுடையது என்று வாக்குமூலம் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். அதுதான் சிக்கல். நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க. யாராவது புகார் குடுத்திருக்காங்களா?"

"இல்ல சார்."

"அடிபட்டவர்?"

"அவர் தன் தப்புன்னுதான் சொல்றார் சார்."

"பின்னே? ஏட்டய்யா, நான் ஒண்ணு கேட்கிறேன். நீங்க இப்ப அந்தத் தெருவுல எதிர்த்திசையில வந்தது குத்தம்னு எழுதிக் குடுத்தா, நான் என்ன பண்ணணும்? இன்னைக்குக் காலையில என் ஜீப் எந்த வழியா வந்துச்சுன்னு நினைக்கிறீங்க?" அவர் சிரித்தார். "ஸ்டேஷனையே சாத்திட்டு சாவியை மேலிடத்துல குடுக்க வேண்டியதுதான். லைட்டைப் போட்டுக்கிட்டு வாங்க, பத்திரமா வாங்க. அவரைப் போய்ப் பாருங்க, பழம் வாங்கிக் குடுங்க. பதவி உயர்வு வர்ற நேரத்துல சும்மா இருக்கிற சங்கை ஊதாதீங்க."

ஏட்டு சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தார். ஊரில் தன்னைத்தவிர எல்லோருக்கும் அபராதம் எழுத அவருக்கு அதிகாரம் இருந்தது. தனக்கு மட்டும் யார் எழுதுவார் என்று தெரியவில்லை. அதற்குமேல் ஒன்று, சொல்லிக்கொள்ள வெட்கமாயிருந்தாலும் உண்மை. இன்ஸ்பெக்டர் அப்படிச் சொன்னதில் அவருக்கு ஒரு மூலையில் நிம்மதியாகத்தான் இருந்தது. மகளிடம் சொல்லத்தானே வேண்டும், காகிதத்தில் எழுதவா வேண்டும், நாளைக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாளைக்கு ஒரு அமைச்சர் வருகை. அதற்கு மறுநாள் ஒரு லாரி மறியல். வேலை என்று ஒன்று இருக்கும்போது சாக்குக்குப் பஞ்சமா. இப்படியே தள்ளிக்கொண்டு போனார்.

கடைசியில் ஒருநாள் அவர் தெருவுக்குள் போனபோது கடையின் கதவு பாதி ஏற்றப்பட்டிருந்தது. பைக்கைச் சிக்னல் முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் வந்திருந்தார். உள்ளே ஓர் இளைஞன் கையில் அளவு நாடாவோடு சுவரை அளந்துகொண்டிருந்தான். கைபேசி உறைகள் விற்கப்போகிறானாம். சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் பலகைகளைக் கழற்றித் தரையில் அடுக்கியிருந்தார்கள். மகள் ஸ்டிக்கர்த் தாள்களைச் சுருட்டி நாளிதழில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். பிளேட்டுக்காரர் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தன் கடையில் அவர் வாடிக்கையாளர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து ஏட்டு பார்த்ததில்லை.

"வாங்க மாமா" என்றாள் மகள். "வேன் வந்துடும். நீங்களும் அப்பாகிட்ட ஒருதடவை எடுத்துச் சொல்லிட்டுப் போங்க. இன்னும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருக்கார்."

"உங்கிட்டதாம்மா சொல்ல வந்தேன்" என்றார் ஏட்டு.

அவருக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றபடியே சொன்னார். நான் வந்தது வரக்கூடாத பக்கம். உன் அப்பா பார்க்க வேண்டிய பக்கம் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரியில் நீ கேட்டபோது நான் பொய் சொன்னேன். சுற்றிவளைக்காமல், பூசி மெழுகாமல், அவர் வாழ்க்கையில் கேட்ட எத்தனையோ வாக்குமூலங்களைவிடச் சுருக்கமாகச் சொல்லி முடித்தார். அளந்துகொண்டிருந்த இளைஞன் நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, கூப்பிடாமலேயே வெளியே போய் நின்றான்.

மகள் கையில் இருந்த சணலை முடிச்சுப் போடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன மாமா?"

"சொல்லியிருக்கணும்."

"நான் இவரை என்னென்ன சொல்லிட்டேன் தெரியுமா? குழந்தை மாதிரி கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பாத்ரூமுக்கே அனுப்புறேன். கடையைப் பேசி முடிச்சாச்சு. சாவி குடுத்தாச்சு." அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது சொல்லியிருக்கலாம்லப்பா? வாயில என்ன வச்சிருந்தீங்க?"

பிளேட்டுக்காரர் மாவுக்கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இடது கையால் பிய்க்கப் பார்த்தார். அது வரவில்லை.

"அவர் சொல்லுவார்னு நினைச்சேன்" என்றார். பிறகு ஏட்டை நிமிர்ந்து பார்த்தார். "கூட்டம் கூடிடுச்சு. உங்க சட்டையைப் பிடிச்சிடுவாங்களோன்னு பயமாயிருந்துச்சு. அதனால என் தப்புன்னு சொன்னேன். கூட்டம் போனதும் இல்லைன்னு சொல்லுவீங்கன்னு இருந்தேன். சரி, ஆஸ்பத்திரியில சொல்லுவீங்கன்னு இருந்தேன். அங்க நீங்க கவனம் பத்தலன்னு சொன்னீங்க பாருங்க..."

"அண்ணே..."

"இருங்க, சொல்லிடறேன். அப்போ எனக்கு உங்க மேல கோபம் வரலை ஏட்டய்யா. அதுதான் விஷயம். இவர் இத்தனை வருஷமா நமக்குத் தெரிஞ்ச மனுஷன், பொய் சொல்ற ஆளில்லையே, அப்போ நான்தான் சரியாப் பார்க்கலயோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அன்னைலேர்ந்து எதைப் பார்த்தாலும் சந்தேகம். படி இறங்கினா சந்தேகம். டம்ளரை வச்சா மேசை இருக்கான்னு தடவிப் பார்க்கிறேன். நீங்க இப்ப வந்து உங்க தப்புங்கறீங்க. சரி. எனக்குக் காது கேட்குது. ஆனா உள்ள போக மாட்டேங்குது."

"என்னை மன்னிச்சுடுங்க அண்ணே" என்று ஏட்டு ஒருவழியாகச் சொன்னார்.

"சரி, விடுங்க" என்றார் பிளேட்டுக்காரர். பேரம் படியாமல் திரும்பிப் போகிற வாடிக்கையாளரிடம் சொல்கிற குரல் அது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் குனிந்தாள். "வேணும்னா இருங்கப்பா. அந்தப் பையன்கிட்ட நான் பேசறேன். கடையைத் திரும்பக் கேட்கலாம்."

வெளியே நின்ற இளைஞன் காலை மாற்றி நின்றான். கேட்டால் கொடுத்துவிடுவான் என்று தோன்றியது. அவன் காலில் விழுந்தாவது அந்தச் சாவியை வாங்கித் தந்துவிட ஏட்டு தயாராயிருந்தார்.

பிளேட்டுக்காரர் தன் கடையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். தரையில் அடுக்கியிருந்த பலகைகளில் மேலே கிடந்ததை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, எழுத்துகளின் இடைவெளியைப் பார்த்தார். முன்பெல்லாம் அவருக்கு அதற்கு ஒரு கண் சிமிட்டும் நேரம் போதும். இப்போது கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடியும் அருகே கொண்டுவந்தார். பிறகு மகளிடம் நீட்டினார்.

"இது நேராத்தானே இருக்கு?"

"நேராத்தான் இருக்குப்பா."

"ம்." அதைக் கீழே வைத்தார். "வேணாம்மா. போகலாம்."

வேன் எதிர்ப்பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுநரும் இளைஞனுமாகப் பெட்டிகளை ஏற்றினார்கள். கட்டில் போனது, அடுப்பு போனது. கடைசியாகப் பிளேட்டுக்காரர் வாசற்படியில் வந்து நின்றார். ஏட்டு முந்திக்கொண்டு தெருவின் நடுவே போய் நின்று, மார்க்கெட் பக்கமிருந்து வந்த வண்டிகளுக்குக் கையைக் காட்டினார். முன்னால் வந்த ஒரு பைக் நின்றது. அதன் பின்னால் ஒரு பால் வண்டி நின்றது. தெரு அமைதியாயிற்று.

"வாங்கண்ணே" என்றார் ஏட்டு. "ஒண்ணும் வரல."

பிளேட்டுக்காரர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி மறுபக்கம், சிக்னல் முனைப் பக்கம், பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே வெறும் தெருதான் கிடந்தது. வெளுத்த பலகையின் முதுகு தெரிந்தது. ஏட்டும் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பக்கமும் ஒண்ணும் வரலண்ணே. நான்தான் சொல்றேன்ல."

பிளேட்டுக்காரர் கால் எடுத்துவைக்கவில்லை. பால்வண்டிக்காரன் ஒருதரம் ஹாரனை லேசாகத் தொட்டான். ஏட்டு கையை இறக்காமல் நின்றார். கை வலிக்கத் தொடங்கியது.

மகள் வேனிலிருந்து இறங்கி வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். அப்பாவின் இடது கையைப் பிடித்து, "வாங்கப்பா, போகலாம்" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் அவர் படியிறங்கினார்.